உடம்பு தன்பாட்டில் செய்யும் வேலைகள்: தன்னாட்சி நரம்புகளும் வாங்கிகளும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் கிளினிக்குக்குப் போய் மருந்தோடு வெளியே வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. நான் தாதிய மாணவர்களுக்கு உடற்றொழிலியல் படிப்பிக்கிறவள் என்பதால், ஊரிலும் உறவிலும் இருந்து என்னிடம் வந்து சேர்ந்தவையும் இதில் உண்டு. ‘இந்தக் குளிசை போட்டால் ஏன் வாய் காய்கிறது’, ‘எழும்பினால் ஏன் கண் இருட்டுகிறது’, ‘வயலுக்கு மருந்து அடித்தவருக்கு ஏன் வாயால் நீர் வழிகிறது’ என்று கேட்டால், ஒன்றுக்கொன்று சம்பந்தம் இல்லாதவை போலத் தோன்றும். ஆனால் எந்த உறுப்பில் எந்த வாங்கி (நரம்பு விடும் இரசாயனத்தைப் பிடிக்கும் புரதம்) இருக்கிறது என்பது தெரிந்தால் மூன்றுக்கும் விடை சொல்லலாம். உங்கள் கிளினிக் கொப்பியில் எழுதியிருப்பதிலும் பாதி விளங்கும்.

தன்னாட்சி நரம்புத் தொகுதி என்றால் என்ன?

நாம் நினைக்காமலே நடக்கும் வேலைகளைப் பார்த்துக்கொள்ளும் நரம்புகள். இதயத்தின் வேகம், குருதிக்குழாயின் சுருக்கம், கண்மணியின் அளவு, வேர்வை, உமிழ்நீர், குடலின் அசைவு, சிறுநீர்ப்பை எல்லாம் இதன் பொறுப்பு. இதில் இரண்டு பெரிய பிரிவுகள். முண்ணாணின் நெஞ்சுப் பகுதியிலும் இடுப்பின் மேற்பகுதியிலும் இருந்து புறப்படுவது பரிவு நரம்புத் தொகுதி. மூளைத்தண்டில் இருந்தும் முண்ணாணின் அடியில் இருந்தும் புறப்படுவது பரபரிவு. உயர்தரத்தில் உயிரியல் படித்தவர்களுக்கு இந்தப் பெயர்கள் நினைவிருக்கும். குடலின் சுவருக்குள்ளே தனியாக ஒரு நரம்பு வலையும் உண்டு. மேலிடத்துக் கட்டளை இல்லாமலே குடலை அசைக்கக்கூடியது அது.

யானை வந்துவிட்டது. உடம்புக்குள் என்ன நடக்கிறது?

படுவான்கரையில் வேளாண்மைக் காவலுக்குப் பரணில் கிடந்தவர்களுக்கு அந்தப் பதற்றத்தை நான் விவரிக்கத் தேவையில்லை. இருட்டுக்குள் கொப்பு முறியும் சத்தம் கேட்கிறது. மூளை அதை யானை என்று முடிவு கட்டுவதற்கு முன்பே பரிவு நரம்புகள் வேலையைத் தொடங்கிவிடுகின்றன. நரம்பு முனைகளில் நோரதிரனலின் என்ற இரசாயனம் வெளிவருகிறது. சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல் இருக்கும் அதிரனல் சுரப்பி, குருதிக்குள் அதிரனலினை ஊற்றுகிறது.

இதயத்தில் இருக்கும் பீற்றா-1 வாங்கி அதைப் பிடித்ததும் துடிப்பு வேகமும் பலமும் கூடும். மூச்சுக்குழாயின் பீற்றா-2 வாங்கியால் குழாய் விரியும், காற்று தாராளமாகப் போகும். தோலிலும் குடலிலும் உள்ள குருதிக்குழாய்களில் இருப்பது அல்பா-1. அவை இறுகி, முகம் வெளிறும். ஓடுவதற்குத் தேவையான தசைகளின் பக்கம் குருதி திரும்பும். கண்மணி விரியும், மயிர் கூச்செறியும், ஈரல் தன் சேமிப்பில் இருந்து சீனியை இறக்கிக் கொடுக்கும். அந்த நேரத்தில் சோறு செமிப்பது அவசரமான வேலை இல்லை. அதனால் குடல் ஒதுங்கிவிடும், வாய் காயும்.

வால்டர் கனன் என்ற அமெரிக்க உடற்றொழிலியலாளர் 1915இல் ‘போராடு அல்லது தப்பியோடு’ என்று விளக்கியது இதைத்தான். யானை போய்ச் சில நிமிடம் ஆன பிறகும் நெஞ்சு படபடப்பது பயந்த சுபாவத்தால் அல்ல. குருதியில் கலந்த அதிரனலின் கரைந்து முடிய நேரம் எடுக்கிறது, அவ்வளவுதான்.

தீமிதிப்பில் இறங்குகிறவருக்கு நெஞ்சு அடிப்பது சரி. பார்த்துக்கொண்டு நிற்கும் தாய்க்கு ஏன் அடிக்கிறது?

பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்பைப் பார்த்தவர்கள் இதைக் கேட்காமல் இருப்பதில்லை. ஸ்பெயினில் சான் பெத்ரோ மான்ரிக்கே என்ற கிராமத்திலும் ஆண்டுதோறும் தீ மிதிக்கிறார்கள். அங்கே தீ மிதிப்பவர்களுக்கும் பார்ப்பவர்களுக்கும் இதயத்துடிப்பு அளவிடும் கருவி பூட்டிப் பார்த்த ஆய்வு 2011இல் வெளிவந்தது. உறவினரும் நண்பருமாகப் பார்த்துக்கொண்டு நின்றவர்களின் துடிப்பு, நெருப்பில் நடந்தவரின் துடிப்போடு சேர்ந்து ஏறி இறங்கியது. சம்பந்தம் இல்லாத பார்வையாளரிடம் அந்த ஒற்றுமை இல்லை. பரிவு நரம்புகளை உசுப்ப நமக்கே ஆபத்து வரவேண்டும் என்று இல்லை. நம்முடைய பிள்ளை இறங்கினாலே போதும்.

பரிவும் பரபரிவும் ஒன்றுக்கொன்று எதிரிகளா?

பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் மனப்பாடம் செய்கிறோம், ஆனால் உடம்பில் அது அவ்வளவு நேராக இல்லை. இரண்டும் எப்போதும் கொஞ்சம் கொஞ்சம் வேலை செய்துகொண்டே இருக்கின்றன. நரம்புகளின் தலையீடு இல்லாமல் விட்டால் வளர்ந்தவரின் இதயம் நிமிடத்துக்கு 100 தடவை அளவில் அடிக்கும். சும்மா இருக்கும்போது 70 ஆக இருப்பது, பரபரிவைச் சேர்ந்த வேகஸ் நரம்பு ஓயாமல் பிடித்துவைத்திருப்பதால். மாற்று இதயம் பொருத்தப்பட்டவரின் நாடி ஓய்விலும் வேகமாக இருப்பது இதற்குச் சாட்சி. அந்த இதயத்துக்கு வேகஸின் இணைப்பு அறுபட்டுவிட்டது. பெரும்பாலான குருதிக்குழாய்களுக்கோ பரபரிவு நரம்பே போவதில்லை. அங்கே பரிவு கூடினால் இறுக்கம், குறைந்தால் தளர்வு.

வாங்கி என்றால் என்ன?

நரம்பின் முனையும் உறுப்பின் கலமும் ஒட்டியிருப்பதில்லை. இடையில் ஒரு சிறு வெளி இருக்கிறது. நரம்பு அதற்குள் ஓர் இரசாயனத்தை விடும். எதிர்ப்பக்கக் கலத்தில் அதைப் பிடிப்பதற்கென்றே இருக்கும் புரதம்தான் வாங்கி.

இதைக் கண்டுபிடித்த கதை எனக்கு மிகவும் பிடித்தது. கேம்பிரிட்ஜில் லாங்லி என்பவர் 1905இல், கலத்தில் ‘ஏற்கும் பொருள்’ ஒன்று இருக்கவேண்டும் என்று எழுதினார். ‘தன்னாட்சி’ என்ற பெயரை இந்த நரம்புகளுக்கு வைத்தவரும் அவர்தான். 1921இல் ஒட்டோ லோவி இரண்டு தவளை இதயங்களை எடுத்தார். ஒன்றின் வேகஸ் நரம்பைத் தூண்டினார், துடிப்பு தளர்ந்தது. அந்த இதயத்தைச் சுற்றியிருந்த திரவத்தை எடுத்து, நரம்பு அகற்றிய மற்ற இதயத்துக்கு விட்டார். யாரும் தொடாமலே அதுவும் தளர்ந்தது. அப்படியென்றால் நரம்பு மின்சாரத்தால் மட்டும் பேசவில்லை, எதையோ வெளியே விடுகிறது. அது அசற்றைல்கோலின் என்று பிறகு தெரிந்தது. 1936இல் லோவிக்கும் ஹென்றி டேலுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. 1948இல் அமெரிக்காவில் ரேமண்ட் ஆல்குவிஸ்ட், அதிரனலின் வகையறாவைப் பிடிக்கும் வாங்கிகள் அல்பா, பீற்றா என இரண்டு வகை என்றார். அந்தப் பிரிப்பை வைத்து, பீற்றாவை மட்டும் அடைக்கும் புரொப்ரனலோலை ஜேம்ஸ் பிளக் உருவாக்கினார். அவருக்கு 1988இல் நோபல்.

வாய்க்காலில் வரும் தண்ணீர் ஒன்றுதான், எந்த மடை திறந்திருக்கிறதோ அந்த வரவைக்குத்தான் பாய்ச்சல். அதிரனலினும் அப்படியே. ஒரே பொருள், அல்பா-1 உள்ள குழாயைச் சுருக்கும், பீற்றா-2 உள்ள குழாயை விரிக்கும். அசற்றைல்கோலினுக்கும் இரண்டு வகை வாங்கிகள். சுரப்பி, குடல், இதயம், கண் ஆகியவற்றில் இருப்பது மஸ்கரினிக். நரம்புகள் கைமாறும் முடிச்சுகளிலும், நாம் விரும்பி அசைக்கும் தசைகளிலும் இருப்பது நிக்கொட்டினிக். இந்த இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே வேண்டிவரும்.

படுக்கையில் இருந்து எழும்பினால் தலை சுற்றிக் கண் இருட்டுகிறது. ஏன்?

எழும்பி நிற்கும்போது அரை லீற்றருக்கு மேல் குருதி கால்களுக்கும் வயிற்றுக்கும் இறங்கிவிடும். கழுத்தின் பெரிய நாடியிலும் இதயத்தின் மேலுள்ள பெருநாடி வளைவிலும் அமுக்கத்தை உணரும் நரம்பு முனைகள் உள்ளன. அமுக்கம் விழுவதை அவை மூளைத்தண்டுக்குச் சொல்ல, வேகஸ் தன் பிடியை விடும், பரிவு நரம்பு அல்பா-1 வழியாகக் குழாய்களை இறுக்கும். சில விநாடிகளில் எல்லாம் சரியாகிவிடும்.

வயது போனால் இந்தச் சுற்று மெதுவாகும். அதற்கு மேல் பிரஷருக்கு பிரசோசினோ, புரஸ்டேட் வீக்கத்துக்கு டம்சுலோசினோ எடுத்தால், குழாயை இறுக்கவேண்டிய அல்பா-1 அடைபட்டிருக்கும். இராத்திரி மூத்திரத்துக்கு எழும்புகிற ஐயாமார் விழுந்து இடுப்பெலும்பு முறிவது இப்படியும் நடக்கிறது. கட்டில் விளிம்பில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, காலை ஆட்டிவிட்டு எழும்பச் சொல்லுங்கள். இருந்தும் நின்றும் பிரஷர் பார்க்கும்படி கிளினிக்கில் கேளுங்கள். நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 விழுந்தால் அதைக் கவனிக்கவேண்டும். குளிசையை நீங்களாக நிறுத்தவேண்டாம்.

கோயில் வரிசையில் வெயிலுக்குள் நெடுநேரம் நின்று மயங்குவது வேறு. அங்கே வேகஸ் திடீரென்று கூடி, பரிவு கைவிட்டுவிடும். நாடியும் அமுக்கமும் ஒன்றாய் விழும். விழுந்தவரைத் தூக்கி நிறுத்தாதீர்கள். கிடத்தி, காலை உயர்த்திவிடுங்கள்.

“புள்ள, பம்ப் அடிச்சாக் கை நடுங்குது, நிப்பாட்டவா?”

நிறுத்தவேண்டாம். முட்டுக்கு (ஆஸ்மாவுக்கு) அடிக்கும் சல்பூற்றமோல், மூச்சுக்குழாயின் பீற்றா-2 வாங்கியைத் தூண்டி அதை விரிக்கிறது. கைத் தசையிலும் பீற்றா-2 உண்டு, நடுக்கம் அதனால். படபடப்பும் வரலாம். கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். ஆனால் அந்தப் பம்ப் அடிக்கடி தேவைப்படுகிறதென்றால் நோய் கட்டுப்பாட்டில் இல்லை என்று அர்த்தம், வைத்தியரிடம் போகவேண்டும்.

ஆபத்து இதற்கு நேர்மாறான இடத்தில் இருக்கிறது. படபடப்புக்கோ ஒற்றைத் தலைவலிக்கோ ஒருவருக்குக் கொடுத்த புரொப்ரனலோலை, ‘எனக்கும் அதே வருத்தம்தான்’ என்று முட்டு உள்ளவர் வாங்கிப் போடுவது. அது பீற்றா-1, பீற்றா-2 இரண்டையும் அடைக்கும். மூச்சுக்குழாய் இறுகும், பம்ப் அடித்தாலும் சரியாகக் கேளாது. குளிசை இரவல் கொடுக்கும் பழக்கம் நம் வீடுகளில் நிறைய இருப்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

வெற்றிலை போட்டால் வேர்க்கிறது, எச்சில் ஊறுகிறது. அதற்கும் இதற்கும் தொடர்புண்டா?

நேரடித் தொடர்பு. பாக்கில் உள்ள அரெக்கொலின், மஸ்கரினிக் வாங்கிகளைத் தூண்டும். எச்சில், வேர்வை, குடல் அசைவு எல்லாம் கூடும். புகையிலையையும் சேர்த்தால் நிக்கொட்டின் வந்து தன் பெயரிலேயே உள்ள வாங்கிகளைப் பிடிக்கும். அவை இரண்டு பிரிவின் முடிச்சுகளிலும் இருப்பதால், நாடியும் பிரஷரும் ஏறும், வயிறும் கலக்கும். பாக்கு தனியாகவே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004இல் வகைப்படுத்தியது. புகையிலை சேர்க்காவிட்டால் பிழையில்லை என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

வயலுக்கு மருந்து அடித்தவருக்கு வாயால் நீர் வழிகிறது, கண்மணி சுருங்கிவிட்டது. என்ன நடந்தது?

மற்றதை வாசிக்காவிட்டாலும் இதை வாசியுங்கள். பெரும்போகத்தில் முதுகில் தாங்கி சுமந்து, சேட்டு நனைய நனைய, முகத்தில் ஒன்றும் கட்டாமல் கிருமிநாசினி அடிப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

அசற்றைல்கோலின் தன் வேலையை முடித்ததும், கொலினெஸ்ரறேஸ் என்ற நொதியம் அதை உடனே உடைத்துவிடும். ஓர்கனோபொஸ்பேற்று, காபமேற்று வகைக் கிருமிநாசினிகள் அந்த நொதியத்தை முடக்குகின்றன. பூச்சிக்கும் அப்படித்தான், மனிதனுக்கும் அப்படித்தான். உடைபடாத அசற்றைல்கோலின் குவிந்து எல்லா வாங்கிகளையும் விடாமல் தூண்டும். மஸ்கரினிக் பக்கத்தில்: உமிழ்நீர், கண்ணீர், வேர்வை, வாந்தி, வயிற்றோட்டம், அடக்கமுடியாத சிறுநீர், ஊசிமுனை அளவு கண்மணி, தளர்ந்த நாடி. நெஞ்சுக்குள் சளிநீர் நிறைந்து மூச்சுக்குழாயும் இறுகும். உயிரைக் குடிப்பது பெரும்பாலும் அதுவே. நிக்கொட்டினிக் பக்கத்தில்: தசைத் துடிப்பு, பிறகு பலவீனம்.

செய்யவேண்டியது: வயலைவிட்டு அப்பால் கொண்டுபோங்கள். உடுப்பு முழுவதையும் கழற்றி, சவர்க்காரம் போட்டு நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். கழுவுகிறவர் கையுறை போட்டுக்கொள்ளவேண்டும், இல்லையென்றால் பொலித்தீன் பையாவது கட்டவேண்டும். இடப்பக்கம் சரித்துக் கிடத்துங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பால், தேசிக்காய்ச்சாறு எதுவும் பருக்காதீர்கள். 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள். போத்தலையோ அதன் லேபலையோ கூடவே கொண்டுபோங்கள். தெரியாமல் பட்டதா, தெரிந்தே குடித்ததா என்று அந்த நேரத்தில் விசாரணை வேண்டாம். தெரிந்தே குடித்திருந்தால் உயிர் தப்பிய பிறகு அவரோடு இருங்கள். 1926 என்ற மனநல உதவி இலக்கமும் உண்டு.

ஆஸ்பத்திரியில் கொடுப்பது அற்றோப்பீன். அது மஸ்கரினிக் வாங்கிகளை அடைக்கும். தேவையான அளவு ஆளுக்கு ஆள் வேறு. அதனால் சில நிமிடத்துக்கு ஒருமுறை அளவைக் கூட்டிக்கொண்டே, நோயாளியின் பக்கத்திலேயே நிற்கவேண்டும். மாணவர்களுக்கு நான் காட்டுவது இதை: ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வை, கரகரப்பு நின்றதா? நாடி 80க்கு மேலே வந்ததா? பிறகு விரலை அக்குளுக்குள் விட்டுப் பார், ஈரமா, காய்ந்ததா? காய்ந்திருந்தால் மருந்து போதுமான இடத்துக்கு வந்துவிட்டது. அளவு மீறினால் காய்ச்சல், பிதற்றல், குடல் சத்தம் அடங்குதல் என்று அதுவும் காட்டிக்கொடுக்கும்.

இன்னொன்று உறவினர்களுக்கு. இரண்டாம் நாள் எழும்பி உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்கிறார் என்பதற்காகத் துண்டை வெட்டி வீட்டுக்குக் கூட்டிப்போகாதீர்கள். ஒரு நாளில் இருந்து நாலு நாளுக்குள் கழுத்தும் மூச்சுத் தசைகளும் சோர்ந்துபோகலாம். இதை ‘இடைநிலைக் கூட்டறிகுறி’ என்று 1987இல் முதன்முதலில் விவரித்தவர்கள் நம் நாட்டு வைத்தியர்களான சேனாநாயக்கவும் கரலியத்தவும். தலையணையில் இருந்து தலையைத் தூக்கச் சொல்லிப் பார்ப்பார்கள். தூக்கமுடியவில்லை என்றால் அதுவே முதல் எச்சரிக்கை. இங்கே பழுதுபட்டிருப்பது நிக்கொட்டினிக் வாங்கிகள் உள்ள இடம், அற்றோப்பீன் அங்கே உதவாது. செயற்கைச் சுவாசம் கிடைத்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார்.

ஊமத்தங்காய் தின்ற பிள்ளைக்கு ஏன் பைத்தியம் பிடித்தது போல் ஆகிறது?

அற்றோப்பீனும் அதன் உறவான ஸ்கோப்பலமீனும் ஊமத்தையில் இயற்கையாகவே உள்ளன. மேலே சொன்னதற்கு நேர் எதிர்: வாய் காய்ந்து, முகம் சிவந்து, கண்மணி அகன்று, மேல் கொதித்து, இல்லாததைப் பிடிக்கக் கை நீட்டும். கைமருந்து பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரி.

தடிமலுக்குப் போட்ட பிரிட்டன் குளிசையால் அப்பாவுக்கு மூத்திரம் அடைத்துவிட்டது. அப்படி நடக்குமா?

நடக்கும். பழைய வகை அலர்ஜிக் குளிசைகள் ஹிஸ்டமீனோடு மஸ்கரினிக் வாங்கியையும் அடைக்கும். சிறுநீர்ப்பை சுருங்கி நீரைத் தள்ளுவது அந்த வாங்கியால். புரஸ்டேட் வீங்கி ஏற்கெனவே வழி ஒடுங்கிய வயதானவருக்கு ஒரு குளிசையே போதும். மலச்சிக்கலும் மறதியும் கூட வரலாம். பாமசியில் வாங்கும்போது வயதையும் மற்ற மருந்துகளையும் சொல்லுங்கள்.

சீனி வருத்தத்துக்கும் இந்த நரம்புகளுக்கும் என்ன?

பல ஆண்டுகள் சீனி கூடியே இருந்தால் காலில் விறைப்பு வருவதைப் போல, தன்னாட்சி நரம்புகளும் பழுதாகும். ஓய்வில் இருந்தும் நாடி வேகமாக இருக்கும். கொஞ்சம் தின்றதும் வயிறு நிறைந்துவிடும். பாதம் வேர்க்காமல் காய்ந்து வெடிக்கும், அந்த வெடிப்பில் புண் தொடங்கும். மாரடைப்பே நெஞ்சுவலி இல்லாமல் வரலாம். திடீர்க் களைப்பும் மூச்சுவாங்கலும் மட்டும் இருந்தாலும் ஈசிஜி எடுக்கச் சொல்லுவது அதற்காக.

சீனி மிகவும் குறையும்போது வரும் நடுக்கம், படபடப்பு, வேர்வை ஆகியவை பரிவு நரம்பு அடிக்கும் அபாயமணி. நரம்பு பழுதானவருக்கு அது கேளாமலே போகலாம். இன்சுலின் போடுகிறவர் புரொப்ரனலோல் போன்றதையும் எடுத்தால் நடுக்கமும் படபடப்பும் மறைந்துவிடும், வேர்வை மட்டும் மிஞ்சும். காரணம்: வேர்வைச் சுரப்பிக்குப் போவது பரிவு நரம்பு என்றாலும், அது விடுவது அசற்றைல்கோலின். பீற்றாவை அடைத்தால் அதற்கு ஒன்றும் ஆகாது. நோன்பு காலத்தில் காத்தான்குடி, அக்கரைப்பற்றுப் பக்கத்துக் குடும்பங்களுக்கு இது முக்கியம். காரணமில்லாமல் குளிர்ந்து வேர்த்தால் சீனி பாருங்கள், குறைந்திருந்தால் நோன்பைத் திறந்துவிடுங்கள்.

மூச்சுப் பயிற்சியால் இந்த நரம்புகளைக் கட்டுப்படுத்தலாமா?

ஓரளவுக்கு. மூச்சை இழுக்கும்போது நாடி கொஞ்சம் ஏறும், விடும்போது இறங்கும். விடும்போது வேகஸின் பிடி கூடுகிறது. மெதுவாக, விடுவதை நீளமாக்கி மூச்சுவிட்டால் படபடப்பு தணியும். பிரஷர்க் குளிசைக்கு அது மாற்று இல்லை.

கண்ணுக்குப் போடும் சொட்டு மருந்துக்கும் இதில் இடமுண்டா?

நிறைய உண்டு, யாரும் சொல்லாமல் விடுவதும் இதுதான். கண்ணமுக்க நோய்க்குப் போடும் டிமோலோல் ஒரு பீற்றா அடைப்பான். கண்ணில் விட்டது கண்ணீர்க் குழாய் வழியாக மூக்குக்கு இறங்கி, அங்கிருந்து குருதியில் சேரும். முட்டு உள்ளவருக்கு அந்த ஒரு துளியே மூச்சை இறுக்கலாம். கண் கிளினிக்கில் முட்டு இருப்பதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

புரை வெட்டப் போகிற ஆண்கள் டம்சுலோசின் எடுப்பதையும், முன்னர் எடுத்திருந்தால் அதையும் சொல்லவேண்டும். கண்மணியை விரிக்கும் தசையிலும் அல்பா-1 வாங்கி இருப்பதால், சத்திரசிகிச்சையின் நடுவில் அது தொய்ந்து அலையும். முன்பே தெரிந்தால் வைத்தியர் அதற்கு ஆயத்தமாக இருப்பார்.

சொட்டு விட்டதும் கண்ணை மெதுவாக மூடி, மூக்கோரம் உள்ள கண்ணின் உள்மூலையை விரலால் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். மருந்து மூக்குக்குள் இறங்குவது குறையும்.